தப்பான கையைப் பிடித்த அப்பா: 'தி ஹோஸ்ட்' எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது

கேள்வி இது: "2006-ல் வந்த கொரியப் படம் 'தி ஹோஸ்ட்'. ஆசியாவில் எடுக்கப்பட்ட ராட்சத மிருகப் படங்களில் தலைசிறந்தவற்றில் ஒன்று என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பார்த்தேன். மிருகத்தை முதல் கால் மணி நேரத்திலேயே முழுசாகக் காட்டிவிடுகிறார்கள். துக்கம் நடக்கும் இடத்தில் சிரிக்க வைக்கிறார்கள். நடுவில் படம் எங்கோ அலைகிறது. கடைசியில் எரியும் நெருப்பு பொம்மை நெருப்பு. இதன் உண்மையான பலம் என்ன, பலவீனம் என்ன?"

நான்கு குறை சொல்லியிருக்கிறீர்கள். பின்னிரண்டையும் மறுப்பில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். முன்னிரண்டும்தான் இந்தப் படத்தின் உயிர் என்று வாதாடப் போகிறேன். இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கு எனக்கே மறந்துவிட்டது, ஆகவே கொஞ்சம் நீளமாகப் போகும். முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைத்துப் பேசுவேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை இவ்வளவுதான். சோல் நகரின் நடுவே ஓடும் ஹான் ஆற்றங்கரையில் ஒரு பெட்டிக்கடை. கிழவர் ஹீ-போங் நடத்துகிறார். மூத்த மகன் காங்-டு கடையில் உட்கார்ந்து தூங்குவதையே வேலையாக வைத்திருக்கிறான். அவனுடைய பள்ளிக்கூடம் போகும் மகள் ஹியூன்-சோ. தாய் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆற்றிலிருந்து கிளம்பிய ஒரு மிருகம் ஹியூன்-சோவைத் தூக்கிக்கொண்டு போகிறது. இறந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்திருக்கும்போது நள்ளிரவில் அவளிடமிருந்து ஒரு போன் வருகிறது. ஏதோ பெரிய சாக்கடைக்குள் கிடக்கிறேன் என்கிறாள். மிருகம் வைரஸைப் பரப்புகிறது என்று சொல்லி இவர்களை அடைத்து வைத்திருக்கும் அரசாங்கம் நம்ப மறுக்கிறது. கிழவர், காங்-டு, வேலையில்லாப் பட்டதாரித் தம்பி நாம்-இல், வில்வித்தை வீராங்கனைத் தங்கை நாம்-ஜூ என நான்கு பேரும் தாங்களே தேடக் கிளம்புகிறார்கள்.

இந்தப் படம் கைப்பிசகுகளால் நகர்கிறது. மிருகத்தின் பலமோ விஞ்ஞானியின் மூளையோ கதையை எங்கும் திருப்புவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒரு சாதாரண ஆள், சாதாரணமான ஒரு தவறைச் செய்கிறார். அந்தப் பிசகின் பின்னால் படம் போகிற வரைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிசகை விட்டுவிட்டுச் சதி, வைரஸ், வல்லரசு என்று பெரிய விஷயங்களின் பின்னால் போகும்போதெல்லாம் தளர்ந்துவிடுகிறது.

முதல் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டப்பகல். ஆற்றங்கரைப் புல்வெளியில் பாய் விரித்து உட்கார்ந்து தின்றுகொண்டும் பேசிக்கொண்டும் ஜனங்கள். இதற்குச் சற்று முன்பு கடையில் ஒரு தகராறு: வாடிக்கையாளருக்குச் சுட்டுக் கொடுத்த கணவாய் மீனில் ஒரு காலைக் காணவில்லை, காங்-டு தின்றுவிட்டான். கிழவர் திட்டி, சமாதானத்துக்கு பீர் டின் கொடுத்து அனுப்புகிறார். அந்த டின்னோடு போகிறவன் பார்க்கிறான், பாலத்தின் அடியில் ஏதோ தொங்குவதை. அது மெல்லப் பிரிந்து, சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்குகிறது. யாரும் ஓடவில்லை. கரையோரம் கூட்டம் கூடி, செல்போனில் படம் பிடித்து, தின்பண்டங்களை வீசிப் போடுகிறது. காங்-டுவும் ஒரு பீர் டின்னை எறிகிறான். உயிரியல் பூங்காவில் நாம் செய்வதேதான். அடுத்த நிமிடம், தூரத்தில், கரை மேல், அது நம்மைப் பார்த்து ஓடிவருகிறது.

மிருகத்தை ஒளித்து ஒளித்துக் காட்டவேண்டும், முதலில் நிழல், பிறகு வால், கடைசியில்தான் முகம் என்பது இந்த வகைப் படங்களில் எழுதாச் சட்டம். இயக்குநர் போங் ஜூன்-ஹோ அந்தச் சட்டத்தைக் காலில் போட்டு மிதிக்கிறார். "முழுசாகக் காட்டிவிட்டார்களே" என்கிறீர்கள். காட்டிவிட்டதால் என்ன ஆனது என்று பாருங்கள்: அதற்கு மேல் "அது எப்படி இருக்கும்?" என்ற கேள்வியே நமக்கு இல்லை. "அந்தப் பெண் என்ன ஆவாள்?" என்ற கேள்வி மட்டும்தான் மீதி. பார்வையாளனின் கவனத்தை மிருகத்திடமிருந்து பிடுங்கிக் குடும்பத்திடம் கொடுப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் களேபரத்தின் நடுவே ஒரு பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடாத குறையாகப் பாட்டுக் கேட்டபடி நகத்தைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய காதில் கேட்கும் சங்கீதம் ஒரு நொடி நமக்கும் கேட்கும். பிறகு அவள் அங்கே இல்லை.

அடுத்து வருவதுதான் அந்தப் பிசகு. காங்-டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான், தடுக்கி விழுகிறான், எழுகிறான், கையைப் பிடிக்கிறான், மறுபடி ஓடுகிறான். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பிடித்திருப்பது வேறொரு பள்ளிக்கூடப் பெண்ணின் கை. அவன் மகள் பின்னால், தூரத்தில், தரையிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மிருகம். வால் சுற்றிக்கொள்கிறது. வசனம் கிடையாது. நெரிசலில், திருவிழாக் கூட்டத்தில், ரயில் நிலையத்தில் குழந்தையின் கையை ஒருமுறையாவது தவறவிட்டுத் தேடியவர்களுக்கு இந்தக் காட்சி வயிற்றைப் பிசையும். மிருகம் வலியது என்பதால் அவன் மகளை இழக்கவில்லை. கை மாறிப் போனதால் இழந்தான். மிச்சப் படம் முழுவதும் அவன் சுமப்பது அதைத்தான்.

இதே கணக்கைப் படம் நெடுகப் பாருங்கள். மழையில் கிழவர் மிருகத்துக்கு நேர் எதிரே துப்பாக்கியோடு நிற்கிறார். ஒரு தோட்டா மிச்சமிருக்கிறது என்று சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்தவன் காங்-டு. எண்ணிக்கையில் பிசகு. விசையை அழுத்தினால் வெறும் சத்தம். அந்தக் கணத்தில் பியோன் ஹீ-போங் என்ற அந்த மூத்த நடிகர் செய்வதைக் கவனியுங்கள். மகனைத் திட்டவில்லை, அலறவில்லை. திரும்பிப் பார்த்து, "போங்கள், போங்கள்" என்று கையை மட்டும் வீசுகிறார், கடை மூடும் நேரத்தில் நிற்கும் வாடிக்கையாளரை அனுப்புவதுபோல. இந்த ஒரு கையசைவுக்காக மட்டும் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

நாம்-ஜூவின் பிசகு தாமதம். வில்லை இழுத்துப் பிடித்தவள் விடமாட்டாள், விடமாட்டாள், நேரம் முடிந்துவிடும். அதனால் போட்டியில் வெண்கலத்தோடு நிற்கிறாள். மிருகத்தின் எதிரிலும் அதேதான். நாம்-இல்லின் பிசகு கடைசியில் வருகிறது. பெட்ரோல் குண்டுகளை ஒவ்வொன்றாக வீசி, இறுதி ஒன்று கையில், மிருகம் எதிரில், பாட்டில் வழுக்கி அவன் காலடியிலேயே விழுந்து உடைகிறது. அந்த நெருப்பில் அம்பைப் பற்றவைத்து அவன் தங்கை எய்கிறாள், இந்த முறை தாமதிக்காமல். ஒருத்தனின் பிசகை இன்னொருத்தி எடுத்துத் தைத்துக்கொள்கிற அந்தக் கணத்தில்தான் அவர்கள் முதன்முதலாக ஒரு குடும்பமாக வேலை செய்கிறார்கள்.

நாம்-இல்லின் கையில் பாட்டில் இருப்பதற்கும் அர்த்தம் உண்டு. 1980-களில் சர்வாதிகாரத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற கொரிய மாணவர் தலைமுறையின் ஆயுதம் அது. 1987 ஜூன் போராட்டத்தில் அந்த நாடு நேரடித் தேர்தலைப் போராடிப் பெற்றது. போராடியவர்களில் பலருக்குப் பிறகு வாழ்க்கையே அமையவில்லை. நாட்டின் ஜனநாயகத்துக்காக இளமையைக் கொடுத்தேன், வேலைகூடக் கொடுக்கமாட்டேன் என்கிறார்களே என்று அவன் புலம்பும் வரியில் கொரியத் தியேட்டர்கள் சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பில் எத்தனை பேர் தங்களையே பார்த்திருப்பார்கள்!

மிருகத்துக்குக்கூடப் பிசகு வைத்திருக்கிறார் இயக்குநர். அது சறுக்குகிறது, தடுமாறுகிறது, ஓடுகிற வேகத்தில் திரும்ப முடியாமல் உருள்கிறது. இங்கேதான் ஜப்பானிய முன்னோடியிடமிருந்து இது எவ்வளவு விலகி நிற்கிறது என்று தெரியும். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'காட்ஸில்லா' வந்தது. ஐம்பது மீட்டர் உயரம். அழிந்த நகரம் ஒன்றின் துக்கத்தைச் சுமக்க அந்த உயரம் வேண்டியிருந்தது. ஹான் ஆற்று மிருகமோ ஒரு லாரி அளவுதான் இருக்கும். கட்டடத்தை இடிக்காது. நான்கு பேர் சேர்ந்து துரத்தலாம் என்று ஒரு முட்டாள் குடும்பம் நம்பக்கூடிய அளவு. தெருவில் திரியும் வெறிநாயைப் போல, பேட்டைக்கு வந்த தொல்லை. அந்த அளவைத் தேர்ந்தெடுத்தது பெரிய புத்திசாலித்தனம்.

சிக்கனமும் அதில் சேர்த்தி. படத்தின் செலவு சுமார் 1,100 கோடி வோன், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1.1 கோடி டாலர். முந்தைய ஆண்டு வந்த ஹாலிவுட் 'கிங் காங்' 20 கோடி டாலரைத் தாண்டியது. மிருகத்தின் மாதிரி உருவத்தை நியூசிலாந்தின் வெட்டா பட்டறை செய்தது, திரையில் உயிர் கொடுத்தது சான் பிரான்சிஸ்கோவின் 'தி ஆர்ஃபனேஜ்' நிறுவனம். காசு கம்மி என்பதால் மிருகம் வரும் ஷாட்களை எண்ணி எண்ணித்தான் வைத்தார்கள். எண்ணி வைத்ததால் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. எலும்புகளைக் கொத்தாகக் கக்கும் காட்சியைப் பாருங்கள்: பயமுறுத்துவதற்காகக் கக்கவில்லை, தின்றது செரிக்கவில்லை. அதன் உறுமலுக்கும் மூச்சுக்கும் குரல் கொடுத்தவர் ஓ டால்-சூ என்ற நடிகர். ஏதோ ஒரு சுகமில்லாத ஜீவன் என்ற எண்ணம் நமக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது துக்க வீட்டுக்கு வருகிறேன். உங்களைப் போலவே என்னையும் முதலில் உறுத்திய காட்சி அது. விளையாட்டு அரங்கம் போன்ற ஒரு மண்டபம், வரிசை வரிசையாக இறந்தவர்களின் படங்கள், பூக்கள். ஹியூன்-சோவின் படத்துக்கு எதிரே நான்கு பேரும் கட்டிப்பிடித்து அழுது, சண்டை போட்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து தரையில் புரள்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் மேலிருந்து படம் எடுக்கிறார்கள். ஒலிபெருக்கியில் யாரோ, இந்த எண்ணுள்ள காரின் உரிமையாளர் வண்டியை எடுத்து நிறுத்தவும் என்று அறிவிக்கிறார். துயரம் கோமாளித்தனமாகிவிடுகிறது.

அந்த மண்டபம் கொரியர்களுக்குக் கற்பனை இல்லை. 1994-ல் இதே ஹான் ஆற்றின் மேலிருந்த சோங்சூ பாலம் இடிந்து பள்ளி மாணவிகள் உட்பட 32 பேர் இறந்தார்கள். 1995-ல் சாம்பூங் பல்பொருள் அங்காடி சரிந்து 502 பேர். 2003-ல் தேகு நகரச் சுரங்க ரயில் தீயில் 192 பேர். ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு கூட்டு அஞ்சலி மண்டபம், இப்படிப் படங்கள், கேமராக்கள். அங்கே ஏழைகள் அழும்போது அழகாக அழமாட்டார்கள் என்பது போங்குக்குத் தெரியும். நம் ஊர் இழவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். மாரடித்து அழுகிற பெண்களுக்குப் பக்கத்திலேயே சாமியானாக்காரர் கம்பு நட இடம் கேட்டுக்கொண்டிருப்பார். துக்கத்தின் நடுவில் புகுந்துவிடும் அந்த அபத்தத்தை மறைக்காமல் வைத்தது தைரியம். நீங்கள் சிரித்தது உங்கள் தவறில்லை. சிரித்த வாய் மூடுவதற்குள் அரசு ஊழியர்கள் வந்து அந்தக் குடும்பத்தை அள்ளிக்கொண்டு போய் அடைக்கிறார்கள், அதற்காகத்தான் சிரிக்க வைத்ததே.

இதே ஜாதியில் இன்னொரு காட்சி. பெட்டிக்கடைக்குள் நால்வரும் உட்கார்ந்திருக்க, கிழவர் மூத்தவனைப் பற்றிப் பேசுகிறார். சின்ன வயதில் தாயில்லாப் பிள்ளையாக, நான் ஊர் சுற்றியதால், பசிக்கு ஊரார் தோட்டத்தில் திருடித் தின்று அடிபட்டு வளர்ந்தான், அவனை மட்டமாகப் பேசாதீர்கள் என்று உருகி உருகிச் சொல்கிறார். நிமிர்ந்து பார்த்தால் கேட்கவேண்டிய பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். இதற்குச் சற்று முன்பு அவர்கள் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தபோது, காணாமல் போன ஹியூன்-சோ நடுவிலிருந்து எழுந்து உட்கார்கிறாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுகிறார்கள். கனவு என்று சொல்ல இசை மாறவில்லை, வெளிச்சம் மங்கவில்லை. நான்கு பேரின் மனதிலும் அந்த நேரத்தில் ஓடுவது ஒன்றுதான்: அவள் சாப்பிட்டாளோ இல்லையோ.

சரி, குறைகளுக்கு வருவோம். இங்கே நான் வக்கீலாக இருக்கப் போவதில்லை.

கிழவர் இறந்தபின் படம் மூன்றாக உடைகிறது. காங்-டு அதிகாரிகளிடம் மாட்டுகிறான், நாம்-இல் ஒரு தொலைபேசி நிறுவனத்துக்குள் ஓடுகிறான், நாம்-ஜூ ஒரு குழிக்குள் மயங்கிக் கிடக்கிறாள். சேர்ந்திருக்கும்போது இந்தக் குடும்பத்துக்கு இருக்கும் சூடு பிரிந்ததும் ஆறிவிடுகிறது. ஹியூன்-சோவும் அநாதைச் சிறுவன் சே-ஜூவும் இருக்கும் சாக்கடைக் காட்சிகள்தான் அப்போது படத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. மிருகம் தூங்குகிறது என்று நம்பி, அதன் முதுகில் ஓடி ஏறிக் கயிற்றைப் பிடிக்க அந்தச் சிறுமி பாய்வதை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறோம். மற்ற இரண்டு இழைகளும் வரும்போது கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. இருபது நிமிடம் வெட்டியிருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். நாம்-இல்லைப் பரிசுப் பணத்துக்காகக் காட்டிக்கொடுக்கும் பழைய கல்லூரி நண்பன் மட்டும் விதிவிலக்கு. கடனில் மூழ்கிய முன்னாள் போராளி என்ற அந்தச் சிறு வேடம் கச்சிதம்.

நாம்-ஜூவுக்கு நடந்தது அநியாயம். பே டூ-னா போன்ற ஒரு நடிகையைக் கையில் வைத்துக்கொண்டு, தாமதம் என்ற ஒரே குணத்தை மட்டும் கொடுத்து, பாதிப் படம் குழிக்குள் படுக்க வைத்துவிட்டார்கள். அவளுடைய கடைசி அம்பு நம்மைத் தொடுகிறது என்றால் அது நடிகையின் முகத்தால். எழுத்து அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்தது அமெரிக்கா. தொடக்கக் காட்சி உண்மைச் சம்பவத்திலிருந்து வந்தது. 2000 பிப்ரவரியில் சோல் நகரின் யோங்சான் அமெரிக்கப் படைத்தளத்தில், பிணவறைப் பொறுப்பில் இருந்த ஒரு அமெரிக்கர், பிணம் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடைச் சாக்கடைத் தொட்டியில் ஊற்றச் சொல்லித் தன் கொரிய ஊழியருக்கு உத்தரவிட்டார். விஷயம் வெளியே வந்து கொரியாவே கொதித்தது. கொரிய நீதிமன்றம் அவருக்கு விதித்த சிறைத்தண்டனை பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. படத்தில், பாட்டில்களில் தூசு படிந்திருக்கிறது என்பதுதான் ஊற்றுவதற்குக் காரணம். ஹான் ஆறு அகலமானது, நாமும் மனதை அகலமாக வைத்துக்கொள்வோம் என்று அந்த அதிகாரி தத்துவம் பேசுகிறார். அருமையான தொடக்கம். கோபமும் கிண்டலும் சரியான விகிதத்தில் இருக்கின்றன.

ஆனால் அந்த விகிதம் பிறகு கெடுகிறது. மாறுகண் உள்ள அமெரிக்க மருத்துவர் வருகிறார், அவருடைய கண்ணே நகைச்சுவை என்றாகிவிடுகிறது. ஆங்கில வசனங்கள் கட்டையாக நிற்கின்றன. உண்மையில் வைரஸே இல்லை என்று அவர் கிசுகிசுப்பதை, ஆங்கிலம் தெரியாத காங்-டு இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புரிந்துகொள்கிறான். அந்த இடம் பிரமாதம். உடனே அவன் மண்டையில் துளை போடுகிறார்கள், அதற்கும் ஒன்றும் ஆகாமல் எழுந்து ஓடிவிடுகிறான். ஓடி வெளியே வந்தால் ராணுவத்தார் இறைச்சி சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறார்கள். கேலி கேலியாகவே இருக்கலாம், ஆனால் மண்டையைத் துளைத்தால் என்ன ஆகும் என்பதைப் படமே மறந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஆபத்தையும் நம்ப முடியாது. வைரஸை ஒழிக்க என்று படத்தில் தெளிக்கும் 'ஏஜென்ட் எல்லோ' என்ற ரசாயனமும் அப்படித்தான். வியட்நாம் போரில் அமெரிக்கா தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்ற நச்சுக் களைக்கொல்லியின் மேல் விடும் சாட்டை அது. அந்தப் போருக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பிய நாடு தென் கொரியா, ஆகவே அங்கே உறைக்கும். திரைக்கதைக்குள் பார்த்தால், மஞ்சள் புகையில் சிலர் காதில் ரத்தம் வழிய விழுகிறார்கள், கதாநாயகக் குடும்பம் இருமிக்கொண்டே சண்டையைத் தொடர்கிறது. விதி என்ன என்று கேட்டால் பதில் கிடையாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு தலைநகரின் நடுவில் மனிதர்களைத் தின்னும் மிருகம் இருக்கிறது. ராணுவம் எங்கே? படம் முழுவதும் அரசாங்கம் குடும்பத்தைத் தேடுகிறது, மிருகத்தைத் தேடவில்லை. அங்கதம் என்று தெரியும், ரசிக்கவும் செய்கிறேன். எனினும் "ஏன் தேடவில்லை" என்பதை ஒரே ஒரு காட்சியில், ஒரு அதிகாரியின் வாயால், எவ்வளவு அபத்தமான காரணமாக இருந்தாலும் சொல்லியிருக்கலாம். சோதனைச்சாவடியில் கிருமிநாசினி ஒப்பந்தத்துக்கு லஞ்சம் கேட்கும் அந்த ஊழியரை அவ்வளவு நுணுக்கமாக எழுதிய கைக்கு இது முடியாத காரியமா என்ன?

நெருப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. மிருகத்தின் உடம்பில் பற்றும் தீ, உடம்பில் ஒட்டாமல் மேலே மிதக்கிறது. பகல் வெளிச்சத்தில், நனைந்த தோலோடு, புல்வெளியில் நிழல் விழ ஓடிய அந்த முதல் காட்சியின் நேர்த்தியோடு ஒப்பிட்டால் கை ஓய்ந்தபின் செய்த வேலை போலத் தெரிகிறது. 2006-லேயே அது உறுத்தியது. இப்போது பார்ப்பவர்களுக்கு இன்னும் உறுத்தும்.

வைரஸ் இழை மட்டும் காலத்தால் தலைகீழாகிவிட்டது. 2003-ல் சார்ஸ் நோய் ஆசியாவைக் கலக்கிய ஞாபகத்தோடு எடுத்தது அது. சாலை கடக்க முகமூடியோடு ஒரு கூட்டம் நிற்கும். ஒருவர் இருமி, முகமூடியை விலக்கித் தேங்கிய தண்ணீரில் துப்புவார். எல்லோரும் விலகி நிற்பார்கள். ஒரு வாகனம் வந்து அந்தத் தண்ணீரையே அவர்கள் மேல் வாரியடித்துவிட்டுப் போகும். அன்று வெறும் நகைச்சுவையாகக் கடந்துபோன காட்சி. 2020-க்குப் பிறகு பார்த்தபோது சோபாவில் நான் ஒரு சாண் பின்னால் நகர்ந்தேன்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கொரியப் பெயரின் பொருள் வெறுமனே 'மிருகம்', 'பூதம்' என்பதுதான். ஆங்கிலத் தலைப்பு, நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்கும் உடலைக் குறிக்கிறது. தமிழில் அதற்கு ஓம்புயிரி என்று பாடப்புத்தகங்கள் ஒரு சொல்லை வைத்திருக்கின்றன. விருந்தோம்பலில் வருகிற அதே ஓம்புதல். படத்தில் இல்லாத வைரஸுக்கு ஓம்புயிரி தேடி அதிகாரிகள் அலைகிறார்கள். சாக்கடைக்குள் ஒரு சிறுமியோ முன்பின் தெரியாத சிறுவனை ஓம்பிக்கொண்டிருக்கிறாள். வெளியே போனதும் என்ன சாப்பிட வேண்டும் என்று அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் பயத்தைத் தள்ளிவைக்கிறாள்.

அவள் சாவைப் பலர் பலவீனம் என்கிறார்கள். இவ்வளவு பாடுபடுத்திவிட்டுப் பெண்ணைக் கொன்றுவிட்டால் என்ன நியாயம் என்று. எனக்கும் முதல் முறை கோபம் வந்தது. மிருகத்தின் வாயிலிருந்து காங்-டு இழுத்தெடுக்கும்போது அவள் கைகள் சே-ஜூவை இறுகப் பிடித்திருக்கின்றன. பிள்ளை மூச்சு விடுகிறான், அவள் இல்லை. தகப்பன் தவறவிட்ட கையை மகள் தவறவிடவில்லை. படம் தொடக்கத்திலிருந்தே பிசகுகளை எண்ணிக்கொண்டு வந்தது. பிசகாத ஒரே பிடி அவளுடையது. அவளைப் பிழைக்க வைத்திருந்தால் முதல் காட்சியின் அந்தத் தப்பான கைக்கு விலையே இல்லாமல் போயிருக்கும். இது கொடுமை, ஆனால் பலவீனம் இல்லை.

படத்துக்கு வெளியே ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 2006 ஜூலை 1 முதல், கொரியத் தியேட்டர்கள் ஆண்டுக்கு 146 நாள் உள்நாட்டுப் படம் ஓட்டவேண்டும் என்ற சட்டத்தை அரசாங்கம் 73 நாளாகக் குறைத்தது. ஹாலிவுட் எங்களை விழுங்கிவிடும் என்று திரையுலகமே தெருவுக்கு வந்திருந்தது. அதே மாதம் 27-ம் தேதி 'தி ஹோஸ்ட்' வெளியாகி, நாட்டின் திரைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. சின்னப் படங்களுக்கு மூச்சுவிட இடமில்லை. ஏறத்தாழ 4.8 கோடி மக்கள் இருந்த நாட்டில் 1 கோடியே 30 லட்சம் டிக்கெட். சாதனைதான், ஆனால் மிருகம் எது என்று அன்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் காங்-டுவாக நடித்த சோங் காங்-ஹோவின் தலைமுடியையும் தூக்கத்தையும் மட்டும் கவனியுங்கள். முதலில் வரும்போது, மஞ்சள் சாயம் அடித்த தலையைக் கடைப் பலகையில் சாய்த்து, கன்னத்தில் ஒரு நாணயம் ஒட்டியிருக்கத் தூங்குகிறான். மகளுக்குப் புது செல்போன் வாங்கக் கல்லாவிலிருந்து திருடிய சில்லறையை நூடுல்ஸ் டப்பாவில் சேர்க்கிறவன் அவன். கடைசிக் காட்சியில் பனி கொட்டும் இரவு, அதே கடை, தனியாக எரியும் விளக்கு. தலைமுடி கறுப்பு. விழித்திருக்கிறான், துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில். தூங்கும் சே-ஜூவை எழுப்பிச் சாப்பிட உட்கார வைக்கிறான். தொலைக்காட்சியில் வைரஸ் விவகாரம் பற்றிய அமெரிக்க அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பையனுக்குச் சாப்பாட்டில்தான் கண். காங்-டு காலை நீட்டி, கட்டைவிரலால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சோற்றை வாயில் அள்ளிப் போடுகிறான்.